பாரத்தோடு அளந்தது

உக்கடத்துப் பழைய இரும்புச் சந்தில் வாங்கிய
ஐந்து கியர்ப் பெட்டி
என் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.
பழையதைவிட மூன்று அங்குலம் நீளம்.
ஆகவே பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்
மூன்று அங்குலம் குறைய வேண்டும்.
கணக்கு அவ்வளவுதான் என்றிருந்தேன்.

கட்டபெட்டு முக்கில் லேத்துக் கடை.
பூட்டின் மேல் ஓர் அட்டை:
‘இருதயம் இன்று இல்லை.’
மே மாதம், கொழுந்து தள்ளுகிற நேரம்.
ஒரு பொழுது வண்டி நின்றால்
சாக்குக்குள்ளேயே இலை சூடேறிச் சிவந்துபோகும்.
அட்டையோடு கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு
இலையைப் போஜராஜின் டெம்போவில் ஏற்றி அனுப்பினேன்.

மறுநாள் இருதயம் இருந்தார்.
டேப்போடு வண்டிக்கடியில் போனவர்
போன வேகத்தில் வெளியே வந்தார்.
“காலி வண்டி பொய் சொல்லும்க்கா.
பாரம் ஏறிப் பட்டை படுத்தா
ஹவுசிங் மேல வரும்.
ஷாஃப்ட் போய் கியர்ப் பெட்டி நெஞ்சுல முட்டும்.
ஏத்திட்டு வாங்க, அளக்கலாம்.”

எதை ஏற்ற?
எதிரே பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் நின்றார்கள்.

முதலில் ரேஷன் கடை ஹாலன்,
தனி ஆளாகவே இரண்டு மூட்டைச் சர்க்கரை.
அப்புறம் ஊட்டி காலேஜுக்கு மூன்று பிள்ளைகள்.
நைட் டியூட்டி முடித்து
நின்றபடி தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் பிலோமி.
பீட்ரூட் மூட்டையோடு இருவர்.
கல்யாணத்துக்குப் போகும் ஒரு தம்பதி:
அவள் ஏறிவிட்டாள்,
அவர் தன் வேட்டியையும் என் சீட்டையும்
மாறிமாறிப் பார்த்தார்.

பனிமூட்டம் வந்து ரோட்டைத் துடைத்தது.
எங்கும் போகாத வண்டியில் ஒன்பது பேர்
நேராக முன்னால் பார்த்தபடி.
“மூச்சு விடலாமாண்ணே?”
“விடும்மா. சிரிக்காத.”

அப்போதுதான் பஸ் வந்தது.
ஏழு பேர் குதித்தார்கள்.
பட்டை நிமிர்ந்து ஜீப் ஒரு துள்ளு துள்ள,
அடியிலிருந்து எழும்பிய வசவை
இங்கே எழுத முடியாது.
ஆனால் அளவு கிடைத்துவிட்டது.
முழங்கையில் சாக்பீஸால் குறித்திருந்தார்:
மூன்றேகால்.

பிலோமி தூங்கிவிட்டதால் இறங்கவில்லை.
காலேஜ் பிள்ளை ஒருத்தி வேண்டுமென்றே.
கழற்றிய ஷாஃப்டில்
இந்தக் கவையிலிருந்து அந்தக் கவை வரை
நேர்கோடு போட வேண்டும்.
“ரெண்டு காதும் ஒரே பார்வைல நிக்கணும்.
விரக்கடை திரும்பினாலும்
வண்டிக்குக் குளிர் ஜுரம்தான்.”
சாக்பீஸ் ஈரத்தில் கரைந்து கரைந்து போனது.
அவள் பையைத் துழாவி
நெயில் பாலிஷை எடுத்தாள். ஒயின் சிவப்பு.

லேத்து சுற்றியது.
பால்வெள்ளைத் தண்ணீர் வழிய
குழாய் தன்னிடமிருந்து ஒரு வளையத்தை விட்டுக்கொடுத்தது.
மூன்றேகால் அங்குலம்,
மேலே சிவப்பாய் ஒரு கீற்று.
பேனா வைக்க வேண்டுமென்று
கை சுடச்சுட அவள் வாங்கிக்கொண்டாள்.

நான்கு மூலையில் நான்கு பொட்டு வெல்டு.
உருட்டிப் பார்த்தார். தட்டினார்.
மறுபடி உருட்டி, மறுபடி தட்டி,
கோட்டோடு கோடு கூடிய பிறகே
முழுச் சுற்றும் பற்றவைத்தார்.
“பேலன்ஸ் பாக்க மிஷின் கோயம்புத்தூர்லதான்”
என்று சொல்லி
ஓஸ் கிளிப் இரண்டை மாட்டி,
நகர்த்தி, ஓட்டி, நகர்த்தி,
வாசலைத் தாண்டிப் போய்வந்தோம் பதினாறு முறை.
பதினேழாவதில் பிலோமி விழித்து
ஊட்டி வந்தாச்சா என்றாள்.

அன்று சாயங்காலம்
முழுப் பாரத்தோடு ஃபேக்டரி ஏற்றம் ஏறினேன்.
அடியில் சத்தமே இல்லை.
அது சந்தேகமாக இருந்தது,
இரண்டு முறை நிறுத்திக் குனிந்து பார்த்தேன்.

போன வாரம் மேட்டுப்பாளையம் இறங்கினேன்.
பாக்குத் தோப்பை ஒட்டிய சமன் ரோடு.
ஐம்பத்தைந்தைத் தொட்டதும்
இருக்கைக்கு அடியில் மெல்ல ஒரு முணுமுணுப்பு.
காலை எடுத்தேன்; நின்றது.
அழுத்தினேன்; பேசியது.

இருதயத்துக்கு போன் போட்டேன்.
“ஐம்பத்தஞ்சா?
நம்ம மலையில எங்கக்கா அப்படியொரு ரோடு?”