கடைசி எழுத்து

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில ஏழு வருசம்
எனக்க நெஞ்சில தொங்கின அட்டையில
ரெத்தினபாய்.
அதுக்குக் கீழே ஹவுஸ் கீப்பிங்.
மூணாம் மாடி, பிரசவ வார்டு, ராத்திரி ஷிஃப்ட்.
தரையில ரத்தம் கிடந்தாலும் கஞ்சி கிடந்தாலும்
ஒருத்தரும் மேல் வரியை வாசிச்சதில்ல.
"ஹவுஸ் கீப்பிங்!" எண்ணு விளிப்பாவ.
நானும் திரும்புவேன், பக்கெட்டும் திரும்பும்.

இப்போ கருங்கலுக்கு மேக்கே,
ரப்பர் மரத்துக்கு நடுவுல
ரோஸ் பெயின்ட் அடிச்ச மூணு மாடி வீடு.
உள்ள ஆளில்ல. எல்லாரும் தோஹாவில.
டோமினிக் சார் போன்ல சொன்னார்:
"நீ இனி ஹவுஸ் கீப்பர்.
கீப்பிங் இல்ல, கீப்பர். கேக்கவங்ககிட்ட அப்படிச் சொல்லணும்."
சம்பளம் ஆயிரத்தி ஐநூறு கூடுதல்.
சாவி பதினாலு.

எனக்க மவன் அனிஷ் கரண்டு பில்லுக்குப் பின்னால
ரெண்டையும் எழுதிக் காட்டினான்.
பி-க்க கொக்கி கழண்டு போச்சு,
கடைசி எழுத்து வேற, அவ்வளவுதான்.
ங் எண்ணா
வாரியலும் கையுமா குனிஞ்சு நிக்கிற பொம்பளை.
ர் நிமிர்ந்து நிக்குது,
கால் மட்டும் முட்டுவலிக்காரி மாதிரி கொஞ்சம் சரிஞ்சிருக்கு.
தலைக்கு மேல சூப்பர்வைசர் மாதிரி ஒரு புள்ளி.
அது ரெண்டுக்கும் உண்டு.

வேலை என்னண்ணு கேட்டா,
எல்லாப் பைப்பிலயும் வெள்ளம் துறந்து விடணும்.
கதவு நிலையில கரையான் பாக்கணும்.
ஆரும் படுக்காத கட்டிலுக்கு விரிப்பு மாத்தணும்.
பிறகு அதே மாப்பு, அதே பினாயில், அதே முதுகு.
ஆனா மீட்டர் எடுக்க வாறவன்
"அக்கா, உள்ள வரட்டா?" எண்ணு கேக்கான்.
"செருப்பை வெளியே போடு"ண்ணு சொல்லுவேன்.
இதைச் சொல்லத்தான் ஆயிரத்தி ஐநூறோ என்னவோ.

ஜூலையில அவிய வந்தாவ, பதினாறு நாள்.
பெட்டி இறக்கு முன்னே பிரிஸ்கில்லா மேடம் கை நீட்டினாவ.
கொத்தைக் கொடுத்தேன்.
இடுப்பு லேசாச்சு,
துணி அவுந்த மாதிரி ஒரு கூச்சம்.
சாளை ஆய்ஞ்சேன், பிள்ளைகளுக்க ஜட்டி அலசினேன்,
கக்கூஸ் நாலும் கழுவினேன்.
விருந்துக்கு வந்த ஒருத்தி கேட்டா, "இது ஆரு?"
"நம்ம ஹவுஸ் கீப்பிங்."
மேடத்துக்கு நாக்கு தவறினதா,
நினைவு சரியா இருந்ததா, தெரியல.
நான் சாயா கிளாஸை எடுத்துட்டுப் போனேன்.

திருவனந்தபுரத்துக்குப் போற அன்னைக்கு
கார் கண்ணாடி பாதி இறங்கிச்சு,
சாவிக்கொத்து வெளியே வந்துச்சு.
கண்ணாடி ஏறி முடிக்கதுக்குள்ள
நான் மறுபடியும் கீப்பர்.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்.
போனைத் தூக்கிட்டு அறை அறையா நடக்கணும்.
"இன்னும் மேல... சீலிங்... அந்த மூலை ஈரமா இருக்கா?"
வீடு முழுக்கத் தெரியும் அதுல,
பிரிட்ஜுக்கு அடி கூடத் தெரியும்.
நேத்து சார் சொன்னார்,
"ஓரத்தில உன் பெருவிரல் மறைக்குது, எடு."

கேட்டுச்சு.
மாடிப்படி ஏறி முடிக்கும் வரை
எடுக்கல.