ஐந்து கையெழுத்துத் தூரம்

நகராட்சி வாசலில் ஒரு பதாகை தொங்குகிறது:
நம் ஊர்க் கடையில் வாங்குவோம்.
எட்டு மீட்டர் நீளம். நல்ல நீலம்.
அச்சடித்தது லிஸ்பனில்.
லாரியில் வந்து இறங்கிய அன்று
ரசீதில் கையெழுத்திட்டவள் நான்தான்:
கிராசியேத், கணக்குப் பிரிவு, இரண்டாம் மாடி.

போர்ச்சுகலின் வடக்கே, மலைச்சரிவில்
வரைபடத்தை மடித்தால் மடிப்பு விழும் இடம்
எங்கள் ஊர்.
எதிர்ச் சாரியில் பெல்மீரோவின் அச்சகம்.
அவர் வாசலுக்கு வந்து
பதாகையை இடமிருந்து வலம் வாசித்தார்.
எழுத்துக்களின் ஓரத்தை வாசித்தார்.
தையலை வாசித்தார்.
மை படிந்த கட்டைவிரலால்
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
உள்ளே போய்விட்டார்.

அவருடைய பில் என் மேசையில்,
கிணற்றில் போட்ட கல்லாக.
குடிநீர் நிறுத்த அறிவிப்பு, ஆயிரத்து இருநூறு பிரதி.
கொடுத்து நூற்றுப் பதினான்கு நாள்.
அறிவிப்பில் சொன்ன குழாயைச் சரிசெய்து
அது மறுபடி உடைந்தும்விட்டது.

பணம் இல்லாமல் இல்லை.
அதைச் சொல்லத்தான் வெட்கம்.
பணம் இருந்தது,
ஐந்து கையெழுத்துத் தூரத்தில்.
பொறியாளர் விடுப்பில் இருப்பார்.
துணைமேயர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார்.
சட்டப் பிரிவு "கவனிக்கவும்" என்றெழுதி
எனக்கே திருப்பி அனுப்பும்.
நான் கவனிப்பேன். மீண்டும் அனுப்புவேன்.

பெரிய கம்பெனிக்கு நூறு நாள் என்பது
ஆண்டறிக்கையில் ஓர் அடிக்குறிப்பு.
பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி தரும் தெயோலிந்தாவுக்கு
அது மாவு ஆலைக்காரனின் முகம்.
நகராட்சி முத்திரை அவனுக்குப் புரியாது.
சனிக்கிழமை புரியும்.

கடைத்தெருவை எப்படிக் காப்பாற்றுவது
என்று ஒரு கூட்டம் போட்டார்கள்.
பூந்தொட்டி என்றார் ஒருவர்.
செஸ்ட்நட் திருவிழா.
போர்த்தோவிலிருந்து ஓர் ஆலோசகர்.
கடைசி பெஞ்சில், நகல் விநியோகிக்க வந்தவள்,
பேச அழைக்கப்படாதவள்,
சொல்லிவிட்டேன்:
"முதலில் கடனைக் கொடுத்துவிடலாமே."

யாரோ சிரித்தார்.
மேயர் தண்ணீர் குடித்தார்,
மெதுவாக, தம்ளர் காலியாகும்வரை.

ஒன்றரைப் பக்கத் தீர்மானம்.
ஐந்து கையெழுத்து இரண்டாயிற்று.
சிறு கடைக்காரர் பில்லுக்கு முப்பது நாள் கெடு.
மாவட்டம் முழுமைக்குமான ரொட்டி ஒப்பந்தத்தைப்
பள்ளிக்கு ஒன்றாகப் பிரித்தார்கள்,
ஓர் அடுப்பு உள்ளவரும் கேட்கலாம் என்று.
அதில் பூந்தொட்டி இல்லை.
செய்தித்தாளில் நாலு வரி வந்தது,
காணாமல் போன நாய் விளம்பரத்துக்குக் கீழே.

பன்னிரண்டாம் நாள் பெல்மீரோவுக்குப் பணம் போயிற்று.
பதினைந்தாம் நாள் படியேறி வந்தார்,
மூச்சிரைக்க, தொப்பி கையில்.
"வங்கியில் ஏதோ வந்திருக்கிறது,
தவறுதலாக அனுப்பிவிட்டீர்களா?
நான் தொடவில்லை."
மூன்று நாள் தொடவில்லை அவர்,
தன் சொந்தப் பணத்தை.

எல்லாரும் பிழைத்தார்கள் என்று எழுத ஆசை.
செப்டம்பரில் வால்தெமாரின் செருப்புக் கடை மூடியது.
அவருக்கு நாங்கள் ஒரு காசும் பாக்கி இல்லை.
அவரிடம் எதுவும் வாங்கியதே இல்லை.
நகராட்சிக்குக் கால்கள் கிடையாது.
அவர் ஷட்டரை இறக்கிய சத்தம்
இரண்டாம் மாடிவரை கேட்டது.
எந்தப் பத்தியில் எழுதுவது அதை?

குளிர்காலக் காற்றில் பதாகை கிழிந்து
"வாங்குவோம்" மட்டும் கழன்று விழுந்தது.
யாரும் இன்னும் மாட்டவில்லை.

இன்று தெயோலிந்தாவின் பிப்ரவரி பில்,
மூலையில் மாவு விரல்ரேகையோடு.
இருபத்தொன்பதாம் நாள்.
பொறியாளர் மறுபடி விடுப்பில்.
பில்லைப் பைக்குள் வைத்துக்கொண்டு
அவர் வீட்டுக்கு நடக்கிறேன்.
ஆற்றுப் பாலம் தாண்டிப் போகவேண்டும்.
வழியில்தான் அவள் கடை.
சூடாக இருந்தால்
ஒரு ரொட்டி வாங்கிக்கொள்ளலாம்,
கையோடு காசு கொடுத்து.