மூன்று சதவீதம்

ஏழாம் நாள். விலங்கறையின் உள்கதவைத் திறந்ததும்
மரத்தூள் வாசம். அதற்கு அடியில்
எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு வாசம்.

நான்காம் கூண்டு, காதில் இரண்டு துளை போட்டவள்.
பத்தொன்பது புள்ளி மூன்று கிராம்.
முதல் நாள் இருபத்தொன்று புள்ளி எட்டு.
வாலைத் தூக்கிப் பார்க்கிறேன்.
இளகல், மூன்று. இரத்தம், இரண்டு.
இந்த நோட்டில் எழுதும்போது பேனா தயங்குவதில்லை.
என் வயிற்றுக்கென்று வைத்திருக்கும் சின்ன டயரியில்தான்
சில நாள் பொய் எழுதுகிறேன்.

இருபது சதவீதம் எடை குறைந்தால்
சோதனையை நிறுத்திவிட வேண்டும், அது விதி.
எம்.எஸ்ஸி. முதல் வருடம் நான் ஒன்பது கிலோ குறைந்தேன்.
மெலிஞ்சு அழகாயிட்டே என்றார்கள்.

காரைக்குடி தண்ணீருக்குப் பேர்போன ஊர்.
சம்பை ஊற்றை நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார்கள்,
இது அது இல்லை என்று.
அந்த ஊரில் உட்கார்ந்து
நூறு மில்லிக்கு மூன்று கிராம் வெள்ளைத் தூள் கரைத்து
எட்டு பாட்டில் தண்ணீரை நான் கெடுக்கிறேன்.
லேசாக இனிக்குமாம். சீனியர் கோமளம் சொன்னாள்.
அவளும் குடித்துப் பார்த்ததில்லை.
குழாய் நுனியைத் தட்டித் தட்டிக் குடிக்கின்றன எலிகள்.
ஐந்தாம் நாள் பெருங்குடலின் உள்தோல் உரியத் தொடங்கும்.

நெறிமுறைக் குழுவின் படிவத்தில் ஒரு கேள்வி:
விலங்குக்கு வலி எவ்வளவு இருக்கும்?
நடுத்தரம் என்று எழுதினேன்.
என்னைக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.
குமுதவல்லி மேடம் கையெழுத்துப் போட்டார்,
என்னை நிமிர்ந்து பார்க்காமல்.
அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது,
புதுவயல் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்கு ஐந்து ரூபாய் என்பதும்
அதில் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதும்
எனக்கு ஏன் மனப்பாடம் என்று.
போன மாதம் கண்டனூர்க் கல்யாணத்தில்
வெள்ளைப் பணியாரத்துக்கு வைத்த மிளகாய்த் துவையலை
இலை ஓரமாய் ஒதுக்கினேன்.
டயட்டா என்றார்கள். ஆமாம் என்றேன்.

கருத்தரங்குக்காக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்:
குடல் அழற்சி நோய்க்கு ஒரு விலங்கு மாதிரி.
கூண்டு கழுவிக்கொண்டிருந்த ஆரோக்கியம் அண்ணன் நிறுத்தினார்.
"நோய் மாதிரின்னா, நோய் இல்லைன்னுதானே பாப்பா?
காய்ச்ச மாதிரி இருக்குங்கிறோம்,
டாக்டர் தொட்டுப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல போம்பார்."

வேறு மாதிரிகளும் இருக்கின்றன அண்ணே.
ஒரு மரபணுவை எடுத்துவிட்டால்
தூள் எதுவும் போடாமல் தானாகவே புண்ணாகிற எலி.
உடம்பு கண்ணாடியாய்த் தெரிகிற மீன்குஞ்சு.
ஒரு துளிக் கூழில்
மனிதக் குடலையே மிளகளவு வளர்க்கிறார்கள்.
அதற்குப் பசி கிடையாது,
வெட்கம் கிடையாது,
தேவகோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே வர வேண்டியதில்லை.

சாயங்காலம் ஆறு எலிகளை முடித்தோம்.
நல்ல தண்ணீர் குடித்தவற்றின் குடல் எட்டு சென்டிமீட்டர்.
மற்றவை ஐந்தரை, ஐந்து புள்ளி ஏழு.
பள்ளிக்கூட ஸ்டீல் ஸ்கேல்தான், தேவாரப் போட்டியில் கிடைத்தது.
அழற்சி என்றால் எரிவது என்றுதான் நினைத்திருந்தேன்.
சுருங்குவதும்தான்.

சீட்டுக் குலுக்கியதில் நான்காம் கூண்டுக்காரி தப்பினாள்.
மீளும் குழு.
அவள் பாட்டிலைக் கழற்றி நல்ல தண்ணீர் மாட்டினேன்.
இனி இரண்டு வாரம். மயிர் மினுங்கும், எடை ஏறும்,
உள்ளே தோல் மூடும்.
என் கட்டுரையின் கடைசிப் பத்தியில்
'இம்மாதிரியின் வரம்புகள்' என்று வரும்.
அதை இன்னும் எழுதவில்லை.

பையிலிருந்து மாத்திரையை எடுத்தேன், என் பாட்டிலையும்.
காலையில் வீட்டில் நானே பிடித்த சம்பைத் தண்ணீர்.
ஆனாலும் ட்யூப்லைட்டுக்கு நேரே
ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.