அளவுப் பதிவேடு

லஸ்கர் வேலையில் இருபத்தொன்பது வருஷம்.
எந்த ஷட்டர் எத்தனை திருகலுக்கு ஏறும்,
எது துருவில் முனகும்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
காலை ஆறு மணிக்குப் போனில்
மேல்மட்டம், கீழ்மட்டம், கனஅடி.

என் கணக்கை யாருக்கும் சொன்னதில்லை.
ராத்திரி ஐந்து தரம்.
நூலாய், நின்று நின்று.
முடிந்ததென்று வேட்டியை இறக்கினால்
இன்னும் ரெண்டு சொட்டு.
சர்க்கரையோ என்றாள் சௌந்தரவல்லி.
வயசு என்றேன்.
தண்ணீரைக் குறைத்தேன்; எரிச்சல் கூடியது.

ஆடியில், முறை மாறிய அன்றைக்கு,
சளிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரை.
அன்று ராத்திரி அடியோடு அடைத்துக்கொண்டது.
அடிவயிறு கல்.
ரெகுலேட்டரில் ஏழு கண்ணும் திறந்து
தண்ணீர் இரைகிறது,
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு
நான் நிற்கிறேன்.

திருவாரூர் பெரியாஸ்பத்திரி. ரப்பர் குழாய்.
பையில் தொளாயிரம் மில்லி.
நர்ஸ் கோடு பார்த்துப் படித்தாள்,
நான் மட்டம் படிக்கிற அதே குரலில்.

புராஸ்டேட் வீக்கம்தான், புற்று இல்லை என்றார் டாக்டர்.
ராத்திரிக்கு ஒரு மாத்திரை,
படுக்கையிலிருந்து மெல்ல எழுந்திருங்க, தலை சுத்தும்.
தண்ணியைப் பகல்லயே குடிச்சிடுங்க.
கடைசி டீ நாலு மணிக்கு.
சளி மாத்திரை, என்னைக் கேக்காம கூடாது.
அப்புறம் ஒரு வாரம் எழுதிட்டு வாங்க,
எத்தனை மணிக்கு, எவ்வளவு.

எழுத என்னிடமா சொல்ல வேண்டும்!
கேஜ் ரிஜிஸ்தரின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன்.
2.10 – 180.
4.35 – 140.

நேற்று ஏ.இ. வந்து புரட்டினார்.
"இது எந்த மதகுய்யா?"
"என்னுது சார்."

கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தார்.
பிறகு, டிரைவர் காதில் விழாமல்,
டாக்டர் பேர் என்ன என்று கேட்டார்.