கடைசிப் பெட்டியில் நிற்பவன்

இந்த மர ரோலர் கோஸ்டருக்குத்
தானாக நிற்கத் தெரியாது.
கடைசிப் பெட்டியின் பின்னால் நின்றபடி
பிரேக் கம்பியோடு நான் வருவேன்,
ஒரு நாளைக்கு நாற்பது முறை
ஏறி, விழுந்து, ஏறி.
கோத்கா துறைமுகத்தில் ஜூன் மாதம்.
இரவு பத்துக்கும் வெயில் போக மனமில்லாமல் கிடக்கும்.

முகங்களை நான் பார்ப்பதில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் பிடரிகள்.
பயம் முதலில் வந்து உட்காருவது
காதுக்குப் பின்னால்:
அங்கே தோல் ஒரு சுற்று இறுகும்,
முடி குத்திட்டு நிற்கும்,
கழுத்து தோளுக்குள் ஆமைபோல் இறங்கும்.
உரக்கச் சிரித்துக்கொண்டு ஏறுபவன்
முதல் சரிவிலேயே கடவுளைக் கூப்பிடுவான்.
ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுவார்,
மங்கலாகத் தெரிந்தால்
உயரம் குறைந்துவிடும் என்பதுபோல.

அன்று வந்தவள் பெயர் சிர்க்கா.
அவள் மகள் வென்லா
அளவுகோலின் கோட்டைத் தொட்டு ஒரு வாரம்தான் ஆகிறது.
துணைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும்,
அது விதி.
கடைசி இருக்கைதான் பத்திரம் என்று
எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்தாள்.
கடைசி இருக்கைதான் மோசம்.
முன்பெட்டிகள் விழுந்த வேகத்தில்
அதை உச்சியிலிருந்து பிடுங்கி எறியும்.
நான் சொல்லவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்றாள், திரும்பாமல்.
"இரண்டு நிமிடம்."
"வலிக்குமா?"
பதினேழு வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை.
"லேசாக ஓர் அழுத்தம் தெரியும், அவ்வளவுதான்."
இப்போது திரும்பினாள்.
"அது என் வசனம்.
தினமும் பதினாறு பேரிடம் சொல்கிறேன்.
பல் மருத்துவர் நான்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

டக், டக், டக் என்று சங்கிலி
எங்களை மேலே இழுத்தது.
கடற்பறவைகள் கீழே போயின,
மரக்கட்டை ஏற்றும் கப்பல் தீப்பெட்டியானது.
உச்சியில் ஒரு கணம்
சங்கிலி கைவிடும்.
அந்தச் சத்தமின்மைதான்
எல்லாச் சத்தத்தையும்விடப் பெரிது.

விழுந்தோம்.
வயிறு மேலேயே நின்றுகொண்டது,
உடம்பு மட்டும் இறங்கியது.
வென்லா கைகளைத் தூக்கிக் கூவினாள்.
சிர்க்கா அலறவில்லை.
காற்றைக் கிழித்துக்கொண்டு எனக்குக் கேட்டது,
தனக்குத் தானே, மரியாதையோடு:
"மூக்கால் மூச்சு விடுங்கள்.
மெதுவாக. நன்றாகச் செய்கிறீர்கள்.
இதோ, முடியப்போகிறது."

முடியவில்லை. இன்னும் ஐந்து சரிவுகள் இருந்தன.

மூன்றாவதில்
வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாகக்
கம்பியை இழுத்தேன்.
மேற்பார்வையாளர் ரெய்னோ கவனிக்கவில்லை.
கவனித்தது வென்லாதான்:
"இது என்ன, கட்டைவண்டியா?"

நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள்.
சிர்க்காவின் விரல்கள் இறங்க மறுத்தன.
ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து பிரித்தெடுத்தாள்,
வேறு யாருடைய விரல்களையோ போல.
எழுந்து, தள்ளாடி,
என் முகத்தைப் பார்த்தாள்.
பயணிகள் பார்க்காத இடம் அது.
"இடது பக்கம், மேல்வரிசை. எத்தனை நாளாக?"
"எதுவுமில்லையே."
"கன்னம் வீங்கியிருக்கிறது."
"…கிறிஸ்துமஸிலிருந்து."
"நாளை ஒன்பது மணி. துறைமுகத் தெரு, இரண்டாம் மாடி."

பயந்தவர்களிடம் நான் எப்போதும் சொல்வது:
பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், போய்விடும்.
எட்டு மாதமாக அந்தப் பல்லைக் கடிக்க முடியாமல்
கஞ்சி குடித்து வாழ்பவன் சொல்வது.
ஆகஸ்டு வந்தால் எட்டு. இப்போது ஆறுதான்.
வலிக்குக் கணக்கு நிற்பதில்லை.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றேன்.
அவள் வெளுத்த உதட்டில்
அன்றைக்கு முதல்முறையாக இரத்தம் திரும்பியது.
"இரண்டு நிமிடம்."

அடுத்த சுற்று. புதிய பிடரிகள்.
டக், டக், டக்.
பாதி உயரத்தில்
என் காதுக்குப் பின்னால் தோல் ஒரு சுற்று இறுகியது.
நல்லவேளை,
எனக்குப் பின்னால் நிற்க யாருக்கும் இடமில்லை.