மணிக்கு இருபது மில்லி

அகமதி. இரவு ஷிப்ட்.
ஜன்னலுக்கு வெளியே ரிஃபைனரிச் சுடர்
யாரையும் பொருட்படுத்தாமல் நின்று எரிகிறது.

கட்டில் நான்கு, பனிமயராஜ்.
மணப்பாட்டுக்காரர், பைப் ஃபிட்டர்.
மார்பு, இரண்டு கைகள், கழுத்தின் இடப்பக்கம்:
நாற்பத்து மூன்று சதவீதம்.
பெயரிலேயே பனி வைத்திருக்கிறவரை
கசிந்த வால்வு ஒன்று தேடிப் பிடித்தது.

மூக்கு வழியே குழாய் விட்ட அன்று
கேம்ப்பிலிருந்து வந்த தொபியாஸ் கேட்டான்:
"வயிறு வேகலையே சிஸ்டர்,
வயித்துக்கு எதுக்கு டியூப்?"

எப்படிச் சொல்ல.
தீ தோலோடு நின்றது,
சேதி நிற்கவில்லை.
ரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் போனது.
எலும்புக்குள்ளிருந்து வெள்ளணுக்கள்
பாதி உடுத்தியும் உடுத்தாமலும் ஓடிவந்தன,
சிலதுக்கு மீசைகூட முளைக்கவில்லை.
தீ எங்கே என்று தெரியாமல் குடலுக்குள் புகுந்து
கிருமிக்கென்று வைத்திருந்த விஷத்தை
அங்கேயே கொட்டின.

அங்கே தீ இல்லை.
ஒற்றைச் செல் கனத்தில் ஒரு சுவர்தான் இருந்தது.
செல்லையும் செல்லையும் சேர்த்துப் போட்ட
முடிச்சுகள் தளர்ந்தன.
அன்றாடம் பூச்சு பூசி
ஓதம் ஏறாமல் பார்த்துக்கொண்ட வேறு சில அணுக்களோ
கை சோர்ந்து உட்கார்ந்துவிட்டன.
முப்பத்தாறு வருஷம் தொந்தரவில்லாமல்
உள்ளே குடியிருந்த கோடிக் கிருமிகள்
இப்போது விரிசலில் எட்டிப் பார்க்கின்றன.

எகிப்துக்கார டாக்டர் வக்தி சொல்வார்,
"குடலைப் பட்டினி போடாதே.
வேலையில்லாத சுவர்தான் முதலில் இடியும்."
அதனால்தான் இந்த வெளிறிய பால்,
மணிக்கு இருபது மில்லி.

தொபியாஸிடம் இவ்வளவும் சொல்லவில்லை.
"உள்ளேயும் சூடு பட்டிருக்கு" என்றேன்.
தலையாட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

பதினொன்றரைக்கு அவர் மனைவி, ஜெசிந்தாள்.
ஊரில் மணி இரண்டு. அழவில்லை.
"வயிறு எரியுது சிஸ்டர்.
பச்சத்தண்ணி இறங்கலை" என்றாள்.

நம் பேச்சில் அது துக்கம்.
இங்கே ஃபைலில் எழுதினால் நோய்க்குறிப்பு.
இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும்
அன்றுதான் அந்த வார்த்தை
எனக்குள் போய் இடித்தது.
"கொஞ்சமாவது கஞ்சி குடிங்க,
ஒரேயடியா வேணாம், விட்டு விட்டு" என்றேன்.
கட்டில் நான்குக்கு எழுதிய அதே ஆர்டர்.

நான்காம் இரவு, காய்ச்சல் முப்பத்தொன்பது ஐந்து.
ரத்தம் கல்ச்சருக்குப் போயிருக்கிறது.
கிருமியின் பெயர் வரும்,
எந்த விரிசல் வழியே வந்ததென்று வராது.

கட்டுப் போடாத இடம் பார்த்து,
தொப்புளுக்குப் பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன்.
வென்டிலேட்டர் மூச்சு. ஏசி இரைச்சல்.
ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை.
பிறகு
பக்கத்து வீட்டில் யாரோ
தண்ணீர் அண்டாவை நகர்த்துவதுபோல்
களக்.

இன்னொரு தடவை.

டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு
பம்பில் இருபதை அழித்து முப்பது போட்டேன்.
தரை துடைத்துக்கொண்டிருந்த ஷஃபிகுல்
காலைத் தூக்கச் சொன்னார்.