மூன்று கேள்விகள்

லக்சம்பர்க், அக்டோபர் 1941

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
வட்டாரப் பேச்சு தாய்மொழி ஆகாது.

லியோனி வைரிஷ்
தோல்தொட்டி வாடை போகாத விரல்களால்
எழுதினாள்.
நாடு: லக்சம்பர்க்.
மொழி: லக்சம்பர்கிஷ்.
இனம் என்ற கட்டத்தில்
மை தீர்ந்துவிட்டது.
பென்சில் முனையை எச்சிலில் தொட்டு
அதையே.

படை என்று சொல்லிக்கொள்ள
நானூறு பேர் இருந்தார்கள்.
அவர்களையும் சீருடை மாற்றி
ஓட்டிப் போயாயிற்று.

எண்ண உட்கார்ந்த குமாஸ்தா
ஐம்பதோடு நிறுத்தி
ஜன்னலைத் திறந்தான்.
கணக்கெடுப்பு ரத்து.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஓலை வந்தது,
ஹைன்ரிஷ் என்பவனைப் போருக்கு அழைத்து.
'அப்படி இங்கே யாருமில்லை' என்றாள்.

பொய்யில்லை.
மாடியில்
பூட்ஸைக் கையில் பிடித்தபடி
மூச்சடக்கி நின்றவன்
ஆன்ரி.